மாப்பிள்ளை வீட்டு வம்சத்தைத் தேடுகிறவர்களுக்கு

எங்கள் பெண்ணைக் கட்டியவர் அமெரிக்கர், மாசசூசெட்ஸ் பக்கம். பேத்தி பள்ளிக்கூடத்துக்காகக் குடும்ப மரம் வரைந்தபோது எங்கள் பக்கம் நான்கு தலைமுறையோடு நின்றுவிட்டது, அவர்கள் பக்கமோ 'இங்கிலாந்திலிருந்து வந்தவர்கள்' என்று ஒரே வரி. கடலூர் மஞ்சக்குப்பத்தில் உட்கார்ந்தபடியே அந்த வரியைப் பிடித்துக்கொண்டு போனதில் தெரிந்துகொண்டதை இங்கே சொல்கிறேன்.

இங்கிலாந்தில் ஆரம்பிக்காதீர்கள். குழந்தையிலிருந்து பின்னோக்கி, ஒவ்வொரு படியாக, இன்னாருக்கு இன்னார் பிள்ளை என்று சொல்லும் தாள் கிடைத்த பிறகே அடுத்த படி. முதலில் சம்பந்தியம்மாவை வீடியோ காலில் பிடியுங்கள். பழைய வீட்டு பைபிள்களில் பிறப்பு, கல்யாணம், சாவு எல்லாம் எழுதிவைக்கும் வழக்கம் உண்டு, அந்தப் பக்கங்களைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

அப்புறம் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கு. 1790-லிருந்து பத்து வருஷத்துக்கு ஒருமுறை எடுக்கிறார்கள், 72 வருஷம் கழித்துத்தான் பெயர்களை வெளியிடுவார்கள் என்பதால் இப்போதைக்கு 1950 வரை பார்க்கலாம். ஃபேமிலிசர்ச் தளத்தில் கணக்குத் தொடங்கினால் போதும், காசு கேட்பதில்லை. 1890 கணக்கைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம், 1921 தீ விபத்தோடு அது ஏறக்குறைய முழுவதும் போய்விட்டது. 1850-க்கு முந்தைய கணக்குகளில் குடும்பத் தலைவர் பெயர் மட்டும்தான், மற்றவர்கள் வெறும் தலை எண்ணிக்கை.

அதற்கு முன்னால் போக உயில்தான் வழி. சொத்தைப் பங்கு போடும்போதுதான் உறவுமுறை எல்லாம் வெளியே வரும், இதில் நம்மூருக்கும் அவர்கள் ஊருக்கும் வித்தியாசமில்லை. மாசசூசெட்ஸ் என்றால் இன்னொரு வசதி, பல ஊர்களின் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவுகளை 1850 வரைக்கும் ஊர்வாரியாகப் புத்தகமாகவே போட்டிருக்கிறார்கள்.

நான் சறுக்கிய இடத்தையும் சொல்லிவிடுகிறேன். 'சீனியர்', 'ஜூனியர்' என்று இரண்டு ஜான்கள் இருந்தார்கள், அப்பா பிள்ளை என்று கோத்து மூன்று மாதம் மேலே மேலே ஏறினேன். அந்தக் காலத்தில் ஒரே ஊரில் ஒரே பெயரில் இருவர் இருந்தால், சொந்தமே இல்லாவிட்டாலும், மூத்தவர் சீனியர், இளையவர் ஜூனியர், அவ்வளவுதான். நம் பெரிய ராமசாமி, சின்ன ராமசாமி மாதிரி.

தேதியும் காலை வாரும். 1752 வரை இங்கிலாந்திலும் அதன் காலனிகளிலும் வருஷம் மார்ச் 25-ல்தான் பிறந்தது. அதனால் ஜனவரியிலிருந்து மார்ச் 24 வரையான தேதிகளுக்கு இரண்டு வருஷத்தையும் சேர்த்து எழுதுவார்கள், பழைய நாட்காட்டி நம்முடையதைவிட 11 நாள் பின்தங்கியும் இருந்தது. ஜார்ஜ் வாஷிங்டன் பிறந்த நாளைப் பழைய கணக்கில் 1731/32 பிப்ரவரி 11 என்று எழுதுவார்கள், நம் கணக்கில் அது 1732 பிப்ரவரி 22. பதிவில் 'முதல் மாதம்' என்று இருந்தால் அது பெரும்பாலும் மார்ச். இது தெரியாவிட்டால் கல்யாணத்துக்கு முன்பே பிள்ளை பிறந்ததாக ஒரு பாவப்பட்ட அம்மாளைச் சந்தேகப்பட வேண்டிவரும்.

சரி, இப்போது கடல் தாண்டுவது. 1620-ல் மேஃப்ளவர் கப்பலில் போனவர்கள் 102 பேர்தான், பெரிய கூட்டம் போனது 1630-களில். 1640-க்குள் சுமார் 20,000 பேர் நியூ இங்கிலாந்து, அதாவது மாசசூசெட்ஸும் அதைச் சுற்றியுள்ள பகுதியும், போய்ச் சேர்ந்தார்கள், அதில் எல்லோருக்கும் கப்பல் பட்டியல் கிடையாது. பட்டியலில் இல்லை என்றதும் இங்கிலாந்துத் தேவாலயப் பதிவுகளில் அதே பெயரைத் தேடி ஒட்டிவிடுவதுதான் எல்லோரும் செய்கிற தப்பு. 1538-லிருந்து ஊருக்கு ஊர் ஞானஸ்நானப் பதிவு இருக்கிறது, ஜானுக்கா பஞ்சம்?

அதைவிட உங்கள் ஆளின் அக்கம்பக்கத்தாரைத் தேடுங்கள். கங்காணி பின்னால் ஒரே ஊர் ஆட்கள் சேர்ந்து இலங்கைக்குப் போனதுபோல, அவர்களில் பலர் போதகரோடும் சொந்தக்காரர்களோடும் கூட்டமாகப் போனவர்கள். நார்ஃபோக்கின் ஹிங்கம் ஊர்க்காரர்கள் மாசசூசெட்ஸிலும் ஒரு ஹிங்கம் வைத்தார்கள், ஆபிரகாம் லிங்கனின் மூதாதை சாமுவேல் 1637-ல் அப்படிப் போனவர்தான். உங்கள் ஆளின் உயிலில் சாட்சிக் கையெழுத்துப் போட்டவர் எந்த ஊர் என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. இங்கிலாந்துப் பக்கத்து உயில்களையும் பாருங்கள். 'நியூ இங்கிலாந்திலிருக்கும் என் தம்பிக்கு' என்று யாராவது ஐந்து பவுண்டு எழுதிவைத்திருந்தால் அதுதான் கடல் தாண்டும் பாலம். 1858-க்கு முன் கேன்டர்பரி பேராயரின் திருச்சபை நீதிமன்றத்தில் பதிவான உயில்கள் லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையதளத்தில் உண்டு.

போனவர்கள் எல்லோரும் அங்கேயே தங்கிவிடவுமில்லை. நம் தேவனாம்பட்டினம் கோட்டையைக் கும்பெனி 1690-ல் வாங்கியபோது சென்னையில் கவர்னராக இருந்த எலிஹு யேல் பிறந்தது பாஸ்டனில், 1649-ல். குழந்தையாக இருக்கும்போதே குடும்பம் இங்கிலாந்து திரும்பிவிட்டது. அதனால் அமெரிக்கப் பதிவில் ஆள் திடீரென்று காணாமல் போனால் செத்துவிட்டார் என்று எழுதிவிடாதீர்கள்.

ராஜ வம்சம் வரை போகும் அச்சிட்ட வம்சாவளி கையில் கிடைத்தால் நம்பாதீர்கள். குஸ்தாவ் ஆன்ஜூ என்றொருவர் பணக்கார அமெரிக்கர்களுக்குப் போலி வம்சாவளி தயாரித்துக் கொடுத்தே பிழைத்தார், அந்தச் சரக்கு இன்னும் இணையத்தில் சுற்றுகிறது. எங்கள் சம்பந்தி வீட்டிலும் தோல் அட்டை போட்ட ஒன்று இருக்கிறது, போலியா இல்லையா என்று தெரியாது, அதில் நான் கை வைக்கவில்லை. பேத்தியின் மரம் 1671-ல் ஓர் உயிலோடு நிற்கிறது, இப்போது அதன் சாட்சிகள் மூன்று பேரைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.