குரலில் அறைவாரியாக விளக்கு: மாட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை பக்கம் இப்போதெல்லாம் யாராவது ஒரு பையன் ரிச்சி தெருவில் நாலைந்து ஸ்மார்ட் மாட்யூல் (ஸ்விட்சுக்குப் பின்னால் மாட்டி, குரலில் விளக்கை இயக்கும் வைஃபை கருவி) வாங்கி வந்து, "அண்ணே, எல்லா ரூமுக்கும் நானே மாட்டிட்டேன்" என்கிறான். கொஞ்ச நேரம் கழித்து, "ஒண்ணு மட்டும் சரியா வேலை செய்யல" என்று இழுக்கிறான். அந்த ஒன்று எதுவாக இருக்கும் என்று கேட்காமலே சொல்லிவிடலாம். இந்த வேலையில் இருக்கிற நாங்கள் எல்லாரும் ஒரு காலத்தில் அடித்த அதே கூத்துதான்.

வைஃபை பாஸ்வேர்டைத் தப்பாக அடிப்பது, 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டும் ஓடும் பல்பை 5 கிகாஹெர்ட்ஸில் இணைக்கப் பார்ப்பது, இதையெல்லாம் விட்டுவிடுகிறேன். பெட்டியிலேயே போட்டிருக்கிறது.

ஸ்பீக்கரை அறைக்கு வெளியே விடுவது

அலெக்ஸா ஆப்பில் ஹால், பெட்ரூம் என்று குரூப் போட்டு, பல்புகளை மட்டும் உள்ளே தள்ளிவிட்டு, அலெக்ஸா பேசும் எக்கோ ஸ்பீக்கரை மறந்துவிடுகிறார்கள். அப்புறம் விளக்கணைக்க ஒவ்வொரு தடவையும் அறைப் பெயரைச் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்த அறையில் உட்கார்ந்திருக்கும் எக்கோவையும் அதே குரூப்பில் சேருங்கள். "டர்ன் ஆஃப் தி லைட்ஸ்" என்றாலே போதும், அந்த அறை விளக்கு மட்டும் அணையும். கூகுள் ஹோமிலும் ஸ்பீக்கருக்கு அறை ஒதுக்க வேண்டும். அங்கே ஒரு கருவி ஒரே அறையில்தான் இருக்க முடியும். அலெக்ஸாவில் மாடிப்படி விளக்கை ஹாலிலும் வைக்கலாம், மாடியிலும் வைக்கலாம்.

கூடவே கருவியின் வகையையும் பாருங்கள். ஸ்மார்ட் ஸ்விட்ச் பெரும்பாலும் 'ஸ்விட்ச்' என்றே ஆப்பில் பதிவாகும். அதை 'லைட்' என்று மாற்றினால்தான் 'லைட்ஸ்' என்னும்போது அதுவும் கணக்கில் வரும். இதைத் தெரிந்துகொண்ட கொளத்தூர்க்காரர் ஒருவர் உற்சாகத்தில் எல்லாவற்றையும் லைட் ஆக்கிவிட்டார், மீன் தொட்டிக்குக் காற்று அடிக்கும் மோட்டார் மாட்டியிருந்த பிளக்கையும் சேர்த்து. ராத்திரி படுக்கும்போது எல்லா லைட்டையும் அணைக்கச் சொன்னார். காலையில் தொட்டியில் பாதி மீன் மிதந்தது.

பெயர்

குரூப்புக்கும் பல்புக்கும் ஒரே பெயர் வைக்காதீர்கள்.

எர்த் ஒயரை நியூட்ரலாக்குவது

இதைப் பார்த்தால் மட்டும் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வரும்.

ஸ்விட்சுக்குப் பின்னால் உட்காரும் மாட்யூல், விளக்கு அணைந்திருந்தாலும் வைஃபைக்குக் காது கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். அதற்குக் கரண்ட் வரும் ஃபேஸோடு, அது திரும்பிப் போகும் நியூட்ரலும் தேவை. பழைய வீடுகளில் பிளக் பாயிண்ட் உள்ள போர்டுக்கு நியூட்ரல் வந்திருக்கும். வெறும் ஸ்விட்ச் மட்டும் உள்ள போர்டில் ஃபேஸ் உள்ளே வரும், விளக்குக்கு ஒரு ஒயர் வெளியே போகும், அவ்வளவுதான். நியூட்ரல் மேலே சீலிங்கோடு நின்றுவிடும். ஆனால் பெட்டிக்குள் ஒரு பச்சை எர்த் ஒயர் சும்மா கிடக்கும். அதை நியூட்ரல் முனையில் சொருகினால் மாட்யூல் உடனே கண் சிமிட்டும், ஆப்பிலும் வந்துவிடும், குரலுக்கும் வேலை செய்யும். பையன் ஜெயித்துவிட்டதாக நினைப்பான்.

பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு வீடு. கீழே இரண்டு போர்ஷன், மாடியில் ஹவுஸ் ஓனர். அவர் மகன் அறை அறையாக இப்படித்தான் மாட்டியிருந்தான். முதல் அறையில் ஒன்றும் ஆகவில்லை. நாலாவது அறை முடிந்ததும், கரண்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் ஈ.எல்.சி.பி. விழ ஆரம்பித்தது. மாட்யூல் ஒன்று தனக்காக எடுப்பது சில மில்லி ஆம்பியர்தான். ஆனால் அது நியூட்ரலில் திரும்பாமல் எர்த்தில் இறங்கினால், போன கரண்டுக்கும் வந்த கரண்டுக்கும் கணக்கு உதைக்கும். வீடுகளில் இருப்பது 30 மில்லி ஆம்பியர் ரகம், 15-ஐத் தாண்டினாலே விழலாம். நாலு அறை சேர்ந்ததும் அந்த எல்லை வந்துவிட்டது. பையன் என்ன செய்தான் தெரியுமா? ஈ.எல்.சி.பி. பழசாகிவிட்டது என்று முடிவு கட்டி, அதைக் கழற்றிவிட்டு நேராக இணைத்துவிட்டான். காவல்காரன் குரைக்கிறான் என்று அவனையே வேலையைவிட்டு அனுப்பின கதை.

கொஞ்ச நாளில் கீழ்ப் போர்ஷன் அம்மா என்னைக் கூப்பிட்டார். "ஃப்ரிட்ஜத் தொட்டா சுருக்குனு இழுக்குதுப்பா, ஈரக் கையோட கிட்டப் போகவே பயமா கீது." ஃப்ரிட்ஜின் பின்பக்கத் திருகில் டெஸ்டரை வைத்தேன், எரிந்தது. வெளியே போய் எர்த் குழியைப் பார்த்தால், இறங்குகிற ஜி.ஐ. கம்பியைக் கடல் காற்றின் உப்பு அரித்து நூலாக்கி வைத்திருந்தது. மண்ணுக்குள் ஒழுங்காக இறங்க முடியாத கரண்ட், அந்த எர்த்தோடு சேர்ந்திருந்த ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், மோட்டார் எல்லாவற்றின் உடம்பிலும் ஏறி நின்றது. இத்தனைக்கும் மாடியில் ஒரு குறையும் தெரியவில்லை. எர்த் கெட்டு மாட்யூலுக்குக் கிடைக்கும் வோல்ட் குறைந்தாலும், இவை 100 வோல்ட்டிலும் ஓடக்கூடியவை, அதனால் ஆப்பில் எல்லாம் ஆன்லைன் என்றே காட்டிக்கொண்டிருந்தது. தப்பு நடந்தது மாடியில், அடி வாங்கியது கீழே குடியிருந்தவர். புது எர்த் குழி, புது ஈ.எல்.சி.பி., நாலு அறைக்கும் நியூட்ரல் என்று ஹவுஸ் ஓனருக்கு ஆன செலவில் அந்த மாட்யூல்களின் விலை ஒரு மூலைக்குக் காணாது.

எது நியூட்ரல், எது எர்த் என்று டெஸ்டர் கண்டுபிடித்துத் தராது. ஒழுங்கான வீட்டில் நியூட்ரலிலும் எரியாது, எர்த்திலும் எரியாது. மீட்டரை ஃபேஸோடு வைத்தால் இரண்டுமே 230 பக்கம் காட்டும். கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த் என்பதெல்லாம் புது வீட்டுக்குச் சரி, பத்துப் பேர் கை வைத்த பழைய ஒயரிங்கில் நிறத்தை நம்ப முடியாது. ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் துண்டிக்கும் மெயினை அணைத்து, இன்வெர்ட்டரையும் அணைத்து, சந்தேகமான ஒயருக்கும் பிளக் பாயிண்டின் பெரிய துளைக்கும் (அதுதான் எர்த்) இடையே மீட்டரைக் கன்டினியூட்டியில், அதாவது இணைப்பு இருந்தால் பீப் அடிக்கும் நிலையில், வைத்துப் பாருங்கள். பீப் அடித்தால் அது எர்த், கை வைக்காதீர்கள். பழக்கம் இல்லையென்றால் லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுவிடுங்கள்.

நியூட்ரல் இல்லாத போர்டுக்கு, அதே சர்க்யூட்டில் பிளக் பாயிண்ட் உள்ள பக்கத்துப் போர்டிலிருந்து ஒரு ஒயர் இழுத்துக் கொடுக்கலாம். வேறு ஈ.எல்.சி.பி.யில் இருக்கும் மாடி லைனிலிருந்து கடன் வாங்கினால் மறுபடியும் அதே தகராறு. நியூட்ரல் கேட்காத ஸ்விட்சும் கிடைக்கிறது, ஆனால் சின்ன எல்.இ.டி. பல்பு அதில் மினுக்கும். கூட வரும் கெபாசிட்டரை விளக்குப் பக்கம் போட வேண்டும்.

ஸ்மார்ட் பல்பும் வீட்டுப் பெரியவர்களும்

போகும்போதும் வரும்போதும் ஸ்விட்சை அணைப்பது நம் வீட்டுப் பழக்கம். சுவரில் அணைத்துவிட்டால் ஸ்மார்ட் பல்புக்கு உயிரே இல்லை, குரல் கொடுத்து என்ன பயன்? குழந்தை ஸ்விட்சை டப் டப்பென்று நாலு தடவை தட்டினால் பல பல்புகள் புதிதாக இணைக்கச் சொல்லி மின்ன ஆரம்பித்துவிடும். பல பேர் புழங்கும் ஹாலுக்கு மாட்யூல்தான் சரி. பல்பை ஸ்விட்சை யாரும் தொடாத மூலை விளக்குக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ரூட்டர்

கரண்ட் போனாலும் வைஃபை நிற்காதபடி இன்வெர்ட்டர் லைனில் போடுங்கள்.

ஃபேன்

லைட் டிம்மரில் மாட்டாதீர்கள்.

கரண்ட் வந்ததும்

ராத்திரி இரண்டு மணிக்குக் கரண்ட் போய்த் திரும்பினால் ஸ்மார்ட் பல்பு பலதும் முழு வெளிச்சத்தில் எரியும். ஆப்பில் பல்பின் செட்டிங்ஸில், கடைசியாக இருந்த நிலைக்கே திரும்பும்படி மாற்றி வையுங்கள்.