யாழ்ப்பாண டவுனை ஒரே நாளில சுத்திப் பாக்கிறது எப்பிடி? முதல்தரம் வாற ஆக்களுக்கு

முதல்தரம் வாற கன பேர் ரயிலால இறங்கின கையோட நேரா கோட்டைக்குத்தான் ஓடுறவை, அதுவும் நடு மத்தியானத்தில, அங்க ஒதுங்கப் பெரிசா நிழலும் இல்லை, அரை மணித்தியாலத்தில தலையிடியோட திரும்பி வருவினம். என்னைக் கேட்டால் நல்லூரில தொடங்கி கோட்டையில முடியுங்கோ. யாழ்ப்பாண ராசாக்களின்ர ராசதானி நல்லூரிலதான் இருந்தது, அந்த இடத்தைப் பாத்தாத்தான் கோட்டை ஏன் வந்தது எண்டும் விளங்கும்.

1. முதல்ல ஒரு சைக்கிள் எடுங்கோ. தங்கிற இடத்திலயே கேட்டால் வாடகைக்கு ஒழுங்கு பண்ணித் தருவினம். ஏத்தம் இறக்கம் இல்லாத ஊர், ஓட்டோவை விட இதுதான் வசதி.

2. விடிய வெள்ளண நல்லூர் கந்தசுவாமி கோயில். ஆம்பிளையள் மேல்சட்டை கழட்டித்தான் உள்ள போகோணும், ஃபோனை எடுத்துப் படம் பிடிக்க வெளிக்கிடாதேங்கோ. பழைய கோயிலைப் போர்த்துக்கேயர் இடிச்சுப் போட்டினம், இப்ப இருக்கிறது 1734இல ஒல்லாந்தர் காலத்தில எழும்பினது. 25 நாள் திருவிழா நேரம் வந்தால் சுத்துவர ரோட்டெல்லாம் மறிச்சிருப்பினம், நடைதான்.

3. அங்கால பருத்தித்துறை ரோட்டுப் பக்கம் பழைய ராசதானியின்ர மிச்சம் எண்டு சொல்லுற சங்கிலியன் தோப்பு வளைவு, மந்திரிமனை (மந்திரியின்ர வீடு), யமுனா ஏரி மூண்டும் கிட்டக் கிட்டக் கிடக்கு. கடைசி ராசா சங்கிலியனைப் போர்த்துக்கேயர் 1619இல பிடிச்சு, கோவாவுக்குக் கொண்டு போய்க் கொலை செய்தவை. மந்திரிமனை சரியாப் பழுதாகிப் போச்சு, உள்ள ஏறாமல் வெளியில நிண்டு மரவேலையைப் பாருங்கோ. ஏரி எண்டவுடன பெரிசா நினைக்காதேங்கோ, ‘ப’ வடிவில ஒரு கேணி, அவ்வளவுதான்.

4. வெயில் ஏற டவுனுக்கு வாங்கோ. மத்தியானம் சாப்பாடு, பிறகு சந்தையில குட்டானில (பனையோலைச் சின்னப் பெட்டி) கட்டின பனங்கட்டியும் புழுக்கொடியலும் (அவிச்சுக் காயவைச்ச பனங்கிழங்கு) வாங்கலாம். வேல்ஸ் இளவரசர் 1875இல வந்ததை நினைச்சுக் கட்டின மணிக்கூட்டுக் கோபுரத்தைப் போற வழியில பாத்தால் காணும்.

5. யாழ்ப்பாணப் பொது நூலகத்துக்கு அவசரப்படாமல் போங்கோ. 1981இல மே 31 இரவு அது எரிக்கப்பட்டது, ஏறக்குறைய 97,000 புத்தகம், அதோட ஏட்டுச்சுவடியளும் போச்சு. வாசல்ல சரஸ்வதி சிலைக்கு முன்னால செல்பி எடுத்திட்டுப் போறவைதான் கூட. ஆனா அது இப்பவும் பெடி பெட்டையள் இருந்து படிக்கிற இடம், பாக்க வாற ஆக்களை எந்த நேரம் உள்ள விடுவினம் எண்டு வாசல்ல கேட்டு, சத்தம் போடாமல் போங்கோ.

6. நாலு மணிக்குப் பிறகு கோட்டை, நூலகத்தில இருந்து நடக்கிற தூரம்தான். போர்த்துக்கேயர் தொடங்கினதை 1658இல ஒல்லாந்தர் பிடிச்சு ஐஞ்சு மூலைக் கோட்டையா மாத்திக் கட்டினவை. மதில்ல கிட்டப் போய்ப் பாருங்கோ, பல இடத்தில முருகைக்கல்லு, பவளப்பூச்சியின்ர சின்னச் சின்னக் கண்ணெல்லாம் அப்பிடியே தெரியும். உள்ள 1706இல கட்டின ஒல்லாந்தர் தேவாலயம் ராணுவத்துக்கும் புலியளுக்கும் நடந்த 1990 சண்டையில அழிஞ்சு போச்சு, இப்ப கல்லுக் குவியல்தான் மிச்சம், கன பேர் அது என்னெண்டே தெரியாமல் தாண்டிப் போறவை. பிறகு மதிலில ஏறிக் கடலேரிப் பக்கமா ஒரு சுத்து வாங்கோ, ஓரத்தில தடுப்பில்லாத இடம் கிடக்கு, சின்னப் பிள்ளையளைக் கையில பிடிச்சிருங்கோ.

நாகபூசணி அம்மன் கோயில் இருக்கிற நயினாதீவையும் இதுக்குள்ள திணிக்காதேங்கோ. குறிகட்டுவான் இறங்குதுறைக்குப் பஸ் எடுத்து, அங்கயிருந்து படகு ஏறோணும், அதுக்குத் தனியா ஒரு நாள் வேணும்.