மெட்ராஸ் டெரஸ் கட்டை தாங்குமா என்று பார்ப்பது எப்படி

பெங்களூரு அல்சூர், பிரேசர் டவுன் பக்கத்துப் பழைய வீடுகளில் இன்னும் மெட்ராஸ் டெரஸ் என்னும் தட்டைக் கூரை உண்டு: தேக்குக் கட்டை, மேலே குத்துச் செங்கல், சுண்ணாம்பு ஜல்லி. நடுவில் தட்டிப் பார்த்து 'கட்டை கல்லு மாதிரி இருக்கு' என்பார்கள். நம்பாதீர்கள். பெரும்பாலும் முதலில் மக்குவது சுவருக்குள் போகும் முனை. கைப்பிடிச்சுவர் ஓரமாக இறங்கும் மழைநீர் அங்கே தங்கும், காற்றும் படாது.

அக்டோபர் மழை ஓய்ந்ததும் பாருங்கள். சுவரிலிருந்து ஒரு சாண் தூரம் பெயின்டைச் சுரண்டி, ஸ்க்ரூ டிரைவரால் குத்தி நெம்புங்கள். நல்ல மரம் நீளச் சிம்பாகச் 'சடக்'கென்று பெயரும். மக்கியது சத்தமில்லாமல் பொடித் துண்டாக உடையும். ஈரப்பத மீட்டர் 20 சதவீதத்தைத் தாண்டினால் பூஞ்சைக்கு இடமிருக்கிறது. சுவரின் உப்பு ஏறிய மரத்தில் மீட்டர் கூட்டிக் காட்டும், அதனால் கட்டை நடுவிலும் ஓர் அளவு எடுங்கள்.

சந்தேகம் தீராவிட்டால் 3 மி.மீ. ட்ரில் பிட். கட்டையின் பக்கவாட்டில், பாதி உயரத்தில், சுவரை நோக்கிச் சாய்த்துத் துளையுங்கள். சுருளாகச் சீவல் வந்தால் சரி. தூளாகக் கொட்டி பிட் சட்டென உள்ளே வழுக்கினால் முனை போய்விட்டது. மண் வந்தால் கறையான். கட்டையின் நடுப்பகுதியில், அடிப்பக்கத்தில் மட்டும் துளை கூடாது, இழுவிசை அதிகம் அங்கேதான்.

வண்டு துளைத்துப் பொடி உதிர்வதைப் பார்த்துப் பதற வேண்டாம். தேக்கில் அது பெரும்பாலும் வெளிறோடு (வெளிப்புற இளமரம்) நின்றுவிடும். உள்ளே இருக்கும் வைரம் (முற்றிய மரம்) வரை சுரண்டி, மிஞ்சிய அளவை எடுங்கள். 150 மி.மீ. உயரத்தில் 25 போனால் வளைவைத் தாங்கும் பலத்தில் சுமார் 30 சதவீதமும், விறைப்பில் 42 சதவீதமும் போச்சு. அகலத்தில் அதே ஆறிலொரு பங்கு போனால் இழப்பும் ஆறிலொரு பங்குதான்.

இழையோடு ஓடும் வெடிப்பு பெரும்பாலும் மரம் காய்ந்ததால் வந்தது. அடிப்பக்கத்தில் இழையை அறுத்துக்கொண்டு போனால் அன்றே முட்டு கொடுங்கள்.

தொய்வை அளக்கக் கட்டையின் முனைக்கு முனை நூல் கட்டுங்கள். மரக் கட்டுமானத்துக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 883 சொல்லும் வரம்பு நீளத்தில் 240-ல் ஒரு பங்கு, 3.6 மீட்டர் கட்டைக்கு அது 15 மி.மீ. பழைய கட்டை அதைத் தாண்டியிருக்கலாம். பல வருடச் சுமையில் மரம் மெல்லத் தொய்வது இயல்பு. ஆறு மாதம் கழித்து மறுபடி அளந்து, கூடியிருந்தால் மேலே ஏறிய எடையைத் தேடுங்கள். ஆயிரம் லிட்டர் தண்ணீர் டேங்க் என்றால் ஒரு டன்னுக்கு மேல். அதை முதலில் இறக்கிவிட்டு இன்ஜினியரைக் கூப்பிடுங்கள்.