துக்கம் விசாரிக்கச் செல்பவர்களுக்கு

மரணம் நிகழ்ந்த வீட்டுக்குச் செல்லும் பலர், அங்கே என்ன பேசுவது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டே போகிறார்கள். அதிகம் பேசத் தேவையில்லை. இறந்தவரின் பெயரைச் சொல்லி, அவர் உங்களுக்குச் செய்த ஏதேனும் ஒரு நன்மையை நினைவுகூர்ந்துவிட்டு அருகில் உட்காருங்கள். அழுபவரை அழ விடுங்கள்.

"எப்படி நடந்தது?" என்று கேட்காதீர்கள். வருகிற ஒவ்வொருவரும் இதையே கேட்பதால், கணவரைப் பறிகொடுத்த பெண் அந்தக் கடைசி நேரத்தை ஒரே நாளில் பல முறை தன் வாயாலேயே விவரிக்க வேண்டியதாகிறது. அவராகச் சொன்னால் மட்டும் பொறுமையாகக் கேளுங்கள். "வேறு மருத்துவமனைக்குக் கொண்டுபோயிருந்தால் பிழைத்திருப்பார்" என்ற பேச்சு இதைவிடக் கொடியது. அதைக் கேட்டவர் பல ஆண்டுகள் தன்னையே குற்றம் சாட்டிக்கொண்டிருப்பார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து உறவினர்கள் ஊர் திரும்பிய பிறகுதான் துணை மிகவும் தேவைப்படுகிறது என்பது என் உறுதியான கருத்து. "ஏதாவது வேண்டுமென்றால் சொல்லுங்கள்" என்றால் யாரும் வாய்திறந்து கேட்பதில்லை. "வியாழக்கிழமை இரவுச் சாப்பாடு நான் கொண்டுவருகிறேன்" என்று சொல்லி, சொன்னபடி செய்யுங்கள். இறப்பை 21 நாட்களுக்குள் பதிவு செய்வது, வாரிசுச் சான்றிதழுக்கு விண்ணப்பிப்பது, வங்கிக்கும் ஓய்வூதிய அலுவலகத்துக்கும் அலைவது என்று வேலைகள் வரிசையாக நிற்கும்போது, படிவங்களை நிரப்பிக் கொடுத்து, தாலுகா அலுவலகத்தில் கூடவே காத்திருக்கும் ஒருவர் பெரிய பலம். பணம், சொத்து விவரங்களை மட்டும் நீங்களாகக் கேட்க வேண்டாம்.

இறந்தவரின் பிறந்தநாளிலும், அவர் இல்லாமல் வரும் முதல் பொங்கலன்றும் தொலைபேசியில் அழையுங்கள். அவர் பேச்சை எடுத்தால் புண்ணைக் கிளறுவதாகிவிடும் என்று அஞ்சிப் பலர் தவிர்க்கிறார்கள். எல்லோரும் மறந்துவிட்டார்களே என்ற ஏக்கம்தான் அந்த வீட்டில் இன்னும் அதிகம்.

துக்கத்தில் இருப்பவருக்கு மாதக்கணக்கில் உணவும் உறக்கமும் சீராகவில்லை என்றால் மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். "நானும் போய்விடலாம் போலிருக்கிறது" என்று அவர் சொன்னால், தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று நேரடியாகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. அவரைத் தனியே விடாமல், 24 மணி நேரமும் இயங்கும் டெலி மானஸ் என்ற அரசு மனநல சேவையின் இலவச உதவி எண்ணான 14416-ஐ அவர் அருகில் இருந்தே அழையுங்கள், தமிழிலேயே பேசலாம்.