இரண்டு மேசையும் ஒரு கோலப் பலகையும்

என் கணவர் மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டம் ஒன்றின் தொழிற்கூடத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் தச்சுவேலை பார்த்தவர். நான் லயத்து வீட்டில் (தோட்டத் தொழிலாளர்களுக்கான வரிசை வீடு) தையல் எந்திரம் மிதித்தபடியே, தீபாவளிக்கும் பொங்கலுக்கும் கோவில் மண்டபத்தில் வண்ண அரிசிக் கோலம் போட்டுவந்தவள். அவர் ஓய்வு பெற்ற முதல் ஆண்டில், வீட்டில் இருவருக்கும் கை சும்மா இருக்கவில்லை, வாயும் சும்மா இருக்கவில்லை. பிறகு இருவர் வேலையும் கலந்த ஒரு பொருளைச் செய்யத் தொடங்கினோம்: ரப்பர் மரச் சட்டத்துக்குள் வண்ண அரிசிக் கோலம். கைவேலை பழகிய தம்பதியர் ஓய்வுக்காலத்திலும் சேர்ந்து உழைக்க இது நல்ல தொடக்கம் என்பதால், செய்முறையை எங்கள் பட்டறிவோடு எழுதுகிறேன்.

முதலில் இடத்தைப் பிரியுங்கள். ஒரே மேசையில் இருவரும் வேலை செய்தால் மரத்தூள் அரிசியில் விழும். அதைப் புடைத்துப் பிரிப்பதற்குள் அன்றைய பொழுதே போய்விடும். இப்போது நாங்கள் இருக்கும் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டில் அவருக்குப் பின்கட்டு, எனக்குக் கூடத்துச் சன்னலோரம். காலை எட்டு மணி முதல் பத்து மணி வரை வெளிச்சம் கண்ணுக்கு இதமாக இருப்பதால் நுண்ணிய வேலை எல்லாம் அப்போது முடிகிறது. அறுப்பதும் இழைப்பதும் அதற்குப் பிறகுதான்.

மரத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் முதலில் சறுக்கியது அங்கேதான். பால் மரம் என்று நாங்கள் சொல்லும் ரப்பர் மரம் ஏறத்தாழ 25 முதல் 30 ஆண்டுகளில் பால் குறைந்து, மறுநடவுக்காக வெட்டப்படுகிறது. வெளிர் நிறமும் உளிக்கு இணங்கும் மென்மையும் உள்ள நல்ல மரந்தான், ஆனால் அதில் மாவுச்சத்து மிகுதி. அதனால் வெட்டிய சில நாள்களிலேயே நீலப் பூஞ்சை படரும், வண்டும் துளைக்கும். அதைத் தடுக்கத் தொழிற்சாலைகளில் பலகையை போராக்ஸ், போரிக் அமிலக் கரைசலில் அழுத்தத்துடன் ஊறவைத்து, பின்னர் சூளையில் உலர்த்துகிறார்கள். பழகிய மரந்தானே என்று மறுநடவில் விழுந்த மரத்தை என் கணவர் வீட்டிலேயே அறுத்துச் செய்த முதல் சட்டம் நான்கே மாதத்தில் சல்லடையானது. ஆகவே மரத்தை நீங்களே பதப்படுத்த முயலாமல், அறைகலன் பட்டறைகளில் மிஞ்சும் பதப்படுத்திய துண்டுகளை வாங்குங்கள். கருநீலக் கோடு ஓடிய துண்டு பலத்தில் பெரிதாகக் குறைந்திருக்காது. ஆனால் வெட்டியபின் அது கவனிப்பாரின்றிக் கிடந்தது என்பதற்கு அந்தக் கோடே சாட்சி, எனவே ஒதுக்கிவிடுங்கள். போராக்ஸ் நீரில் கரைந்து வெளியேறக்கூடியது என்பதால், செய்து முடித்த பலகையை மழைச்சாரல் படும் வாசலில் மாட்டக் கூடாது.

45 சென்டிமீட்டர் சதுரத்தில் ஒட்டுப்பலகையை அடித்தளமாக வைத்து, சுற்றிலும் இரண்டு சென்டிமீட்டர் உயரத்துக்கு ரப்பர் மரச் சட்டம் கட்டினால் போதும். பெரிதாக ஆசைப்பட வேண்டாம். அறுபது வயதுக்கு மேல் குனிந்து எட்டக்கூடிய தூரம் குறைவு.

அந்த அளவுக்கு அரிசி ஏறத்தாழ அரை கிலோ பிடிக்கும். கை தவறிச் சிந்துவதற்குச் சேர்த்து முக்கால் கிலோ எடுத்துக்கொள்ளுங்கள். அரிசிக்கும் எதிரி வண்டுதான் (மாவுச்சத்து இருக்கும் இடத்தை அது தேடி வந்துவிடுகிறது). நிறமேற்றுவதற்கு முன் பச்சரிசியைக் காற்றுப்புகாத பையில் கட்டி உறைபெட்டியில் நான்கு நாள் வைத்தால் முட்டையும் செத்துவிடும். வெளியே எடுத்ததும் பையைத் திறக்காமல் அறையின் வெப்பத்துக்கு வரவிடுங்கள், இல்லாவிட்டால் அரிசியில் ஈரம் பூத்துவிடும். பிறகு உணவு நிறமியை ஒரு கரண்டி வினிகரில் கலக்கிப் பைக்குள் ஊற்றிக் குலுக்கி, செய்தித்தாளில் பரப்பி நிழலில் உலர்த்துங்கள். வெயிலில் காய்ந்தால் நிறம் வெளுக்கும். ஈரத்தில் அடர்த்தியாகத் தெரியும் நிறம் காய்ந்ததும் ஒரு படி இறங்கும், அதற்கு ஏற்பச் சற்றுத் தூக்கலாகவே கலக்கலாம்.

இந்த நிறமி நீரில் கரையும் என்பதை ஒட்டும்போதும் மறக்கக் கூடாது. பசையில் தண்ணீர் கலந்தால் சிவப்பு பக்கத்து மஞ்சளுக்குள் ஊறிவிடும். வெள்ளைப் பசையை நீர் சேர்க்காமல், உள்ளங்கை அளவு இடத்தில் மட்டும் மெல்லியதாகத் தடவி, அது காய்வதற்குள் அரிசியை விரலால் விட்டு நிரப்புங்கள். நடுவிலிருந்து வெளிப்புறமாக நகர்ந்து, வெள்ளை அரிசியைக் கடைசிக்கு வையுங்கள்; சிதறிய வண்ண மணிகளை அதற்குள் பொறுக்கிவிடலாம். இரண்டு நாள் காய்ந்தபின் தெளிவான வார்னிஷைத் தெளிப்பானால் அடிக்க வேண்டும். தூரிகை பட்டால் மணி பெயர்ந்துவிடும்.

வேலையைப் பிரிக்கும்போது பழைய பெருமையைப் பார்க்காதீர்கள். என் விரல் மூட்டுகள் வீங்கிய மாதங்களில் அரிசி நிரப்பியவர் அவர். அவருக்குக் கண் மங்கியபோது சட்டத்தின் மூலைகளை அளந்து குறித்தவள் நான். அவருடைய உளிப் பிடிகளில் பழைய சைக்கிள் டியூப்பைச் சுற்றி வைத்திருக்கிறோம். இந்த ஊர்ப் புழுக்கத்தில் இரும்பு துருப்பிடிக்காதிருக்க என் தையல் எந்திர எண்ணெயையே உளிகளுக்கும் பூசுகிறார், எனக்குச் சொல்லாமல்தான். அவர் வைத்த நிறத்தை நான் மாற்ற நினைத்தால், அன்றைக்கு மாற்றாமல் மறுநாள் காலை வெளிச்சத்தில் பார்த்துவிட்டுத்தான் பேசுவேன். பாதிச் சண்டை அதிலேயே குறைந்தது.

விற்பனையைப் பொறுத்தவரை, சேமநிதிப் பணத்தை எடுத்து எந்திரம் வாங்காதீர்கள். சொந்தப் பெயரில் தொழிலைப் பதிய ஆண்டுக்கு 30 ரிங்கிட், வேறு வணிகப் பெயரென்றால் 60 ரிங்கிட். தொடக்கத்தில் இதற்கு மேல் முதலீடு வேண்டியதில்லை.

முதல் பலகையை மட்டும் விற்காமல் சொந்தச் சுவரில் மாட்டி, ஆறு மாதம் அதன் கீழே தரையைக் கவனியுங்கள். மாவு போன்ற தூள் விழுந்தால் பிழை மரத்தில். அரிசி மணி உதிர்ந்தால் பிழை பசையில். எங்கள் வீட்டில் இரண்டும் விழுந்தன, வெவ்வேறு ஆண்டுகளில்.