அரசியல் அறிவியல் பேராசிரியரிடம் சறுக்கும் இடங்கள்

கடந்த வாரம் முதலாண்டு முதுகலை மாணவர் ஒருவர் எங்கள் துறைத் தலைவரின் அறையிலிருந்து வாடிய முகத்தோடு வெளியே வந்தார். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பு வேறொரு கல்லூரியில், அதே முகத்தோடு வெளியே வந்தவன் நான். கதவைத் தட்டிவிட்டு நுழைவது, செல்பேசியை அணைத்து வைப்பது போன்றவற்றை உங்கள் அம்மாவே சொல்லியிருப்பார். மற்றவற்றுக்கு வருகிறேன்.

"சார், நீங்கள் எந்தக் கட்சி?"

கேட்காதீர்கள்.

படிக்காததைப் படித்தேன் என்பது

இதை நினைத்தால் இன்றும் என் மேலேயே எரிச்சல் வருகிறது. ஆய்வேட்டுக்கு நெறியாளராக இருக்கும்படி கேட்கப் போயிருந்தேன். தலைப்பு, தமிழ்நாட்டில் குடியரசுத் தலைவர் ஆட்சி. 1976, 1980, 1988, 1991 என்று நான்கு ஆண்டுகளையும் கடகடவென ஒப்பித்தேன். பேராசிரியருக்கு மகிழ்ச்சி. அலமாரியிலிருந்து அரசமைப்புச் சட்டத்தை எடுத்துக் கொடுத்து, "மாநில ஆட்சியைக் கலைப்பது பற்றிய 356-ஆவது பிரிவை மட்டும் படித்துவிட்டுத் திங்கட்கிழமை வா" என்றார். அரை மணி நேர வேலை. நான் புத்தகத்தைத் திறக்கவேயில்லை. தொலைக்காட்சி விவாதங்களில் கேட்டதே போதும் என்ற திமிர்.

"படித்தாயா?"

"படித்துவிட்டேன் சார்."

"ஆளுநர் அறிக்கை அனுப்பாவிட்டால் ஆட்சியைக் கலைக்க முடியுமா?"

"முடியவே முடியாது சார்."

அவர் கோபப்படவில்லை. "அப்படியானால் 1991-இல் என்ன நடந்தது?" என்று மட்டும் கேட்டார். ஆளுநர் சுர்ஜித் சிங் பர்னாலா அறிக்கை தர மறுத்தும், அந்த ஜனவரியில் திமுக ஆட்சி கலைக்கப்பட்டது. ஆளுநரின் அறிக்கையின் பேரிலோ 'வேறு வகையிலோ' என்று 356-இன் முதல் உட்பிரிவிலேயே அதற்கு வழி இருக்கிறது. ஆண்டை ஒப்பித்தவனுக்கு அது தெரியவில்லை.

"இந்த ஆண்டு என்னிடம் இடமில்லை" என்றார். பிடிக்காத ஒரு தலைப்பில், வேறொரு நெறியாளரிடம் ஓராண்டை ஓட்டினேன். படிக்கவில்லை என்று ஒப்புக்கொண்ட என் வகுப்புத் தோழனை, பக்கத்தில் உட்காரவைத்து வரிவரியாகச் சொல்லிக்கொடுத்தார் அதே மனிதர். அதுதான் கூடுதல் எரிச்சல்.

கடந்த வாரத்து மாணவருக்கு வாய்த்தது அரசமைப்புச் சட்டத்தின் பத்தாவது அட்டவணை, அதாவது கட்சித் தாவல் தடைச் சட்டம். கட்சியில் மூன்றில் ஒரு பங்கு உறுப்பினர்கள் பிரிந்தால் பதவி தப்பும் என்று அடித்துச் சொன்னாராம். அந்த விதி 91-ஆவது திருத்தத்தில், 2003-இலேயே நீக்கப்பட்டுவிட்டது. படித்துவிட்டுத்தான் வந்தேன் என்று வேறு சொல்லியிருக்கிறார்.

தேர்தல் ஆரூடம்

"இந்த முறை யார் வருவார்கள்?" என்று தொடங்கினால் பேச்சு அங்கேயே படுத்துவிடும். ஜோசியம் அவர் தொழில் இல்லை. சென்ற தேர்தலில் உங்கள் ஊர் வாக்குச்சாவடியில் நீங்கள் கண்ணால் கண்டதைச் சொல்லிப் பாருங்கள். உட்காரச் சொல்வார், தேநீரும் வரும்.

பரிந்துரைக் கடிதம்

நாளை கடைசி நாள் என்று இன்று மாலை போய் நிற்காதீர்கள். நான் நின்றிருக்கிறேன். கிடைக்கவில்லை.