மெக்சிகோ வானொலியைக் கேட்கத் தொடங்குபவர்களுக்கு

‘மெக்சிகோ பாடல்கள்’ என்று தேடாதீர்கள். வயலின், டிரம்பெட், கிதார் சேர்ந்த மரியாச்சிக் குழுக்களின் அதே பாடல்கள்தான் திரும்பத் திரும்ப வரும். ஊரின் பெயரைச் சொல்லித் தேடுங்கள். அங்கே மாநிலத்துக்கு மாநிலம் இசை வேறு.

முதலில் ரேடியோ கார்டன் இணையதளத்தைத் திறவுங்கள். பூமி உருண்டை தெரியும். பச்சைப் புள்ளிகள் வானொலி நிலையங்கள் உள்ள ஊர்கள். உருண்டையைச் சுழற்றி, நடுவிலுள்ள வட்டத்தை ஒரு புள்ளிமேல் நிறுத்தினால் பாட்டு வந்துவிடும்.

அடுத்து, நேரம். மெக்சிகோ நகரம் இந்தியாவுக்கு பதினொன்றரை மணி நேரம் பின்தங்கியது. நமக்குக் காலை 7 மணி என்றால் அங்கே முந்தைய நாள் இரவு 7.30. நம் நேரப்படி திங்கள் காலை 9.30 மணிக்கு மட்டும் பெரும்பாலான நிலையங்களில் ஒரே நிகழ்ச்சி கேட்கலாம். கருவியில் கோளாறு என்று எண்ண வேண்டாம். 1937 முதல் அங்கே ஞாயிறு இரவு 10 மணிக்கு நாடு முழுவதும் ஒலிபரப்பாகும் ‘லா ஓரா நசியோனால்’ (தேசிய நேரம்) என்னும் அரசு நிகழ்ச்சி அது.

இனி முக்கியமான படி: ஒரு வாரத்துக்கு ஓர் ஊர். குரலை விட்டுவிட்டு, அடியில் ஒலிக்கும் கனத்த ஒலியை (பேஸ்) கவனியுங்கள். வடக்கே மான்டெர்ரேயில் அக்கார்டியனோடு, ‘பாஹோ செக்ஸ்தோ’ என்னும் பன்னிரண்டு தந்திக் கருவி சேரும். 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மானிய, செக் குடியேறிகள் கொண்டுவந்த போல்கா நடை அதில் இன்னும் துள்ளுகிறது. இதுதான் நோர்தேன்யோ. அமெரிக்க எல்லையின் இருபுறமும் இதற்கு உயிரையே கொடுப்பவர்கள் உண்டு. மேற்குக் கடற்கரையில் மசத்லானுக்குப் போனால் அந்தக் கனத்தை டியூபா என்னும் பெரிய ஊதுகருவி சுமக்கும். கிளாரினெட்டும் டிரம்பெட்டும் மேலே முழங்கும், அது பண்டா. மரியாச்சியில் பெரிய வயிறு கொண்ட கித்தர்ரோன் என்னும் கிதார் இந்த வேலையைச் செய்கிறது.

என் மனம் கிழக்குக் கடற்கரை மாநிலமான வேராக்ரூஸிடம்தான். அங்கே ‘சோன் ஹரோச்சோ’ என்னும் நாட்டார் இசையில் ஹராணா என்னும் சிறு கிதார்கள் விரைந்து மீட்டப்படும், யாழ் போன்ற ஹார்ப் கூடவே ஓடும். மரமேடையில் ஆடுபவர்களின் குதிகால்களே தாளம். வணிக நிலையங்களில் இது அரிது. ஹலாபாவிலுள்ள வேராக்ரூஸ் பல்கலைக்கழக வானொலியைத் தேடுங்கள்.

பாடலின் பெயர் பிடிபடாவிட்டால் நிலையத்தையும் நேரத்தையும் குறித்துவையுங்கள். அறிவிப்பாளர் ‘கொரீதோ’ என்றால் வருவது கதைப்பாடல். ‘ரன்செரா’ என்றால் பெரும்பாலும் காதலோ பிரிவோ. இவ்விரு சொற்களும் முதல் மாதத்துக்குப் போதும்.

பழகியபின் தெற்கே வஹாக்கா மாநில மலைகளில் உள்ள கெலதாவோ ஊரின் வானொலியையும் தேடிப் பாருங்கள். அங்கே ஸ்பானிஷோடு சபோதெக், மிஹே, சினாந்தெக் ஆகிய பழங்குடி மொழிகளும் ஒலிக்கும்.